தோல் புற்றுநோய்: நாடு நாடாக விலை கேட்கும் முன்பு குமரி எல்லையோரக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

குமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில், மார்த்தாண்டம், அருமனை, களியக்காவிளைப் பக்கங்களில், வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். மகள் இங்கிலாந்தில் செவிலியர், மருமகன் துபாயில் மேற்பார்வையாளர், தம்பி மகன் சிட்னியில். அதனால் இங்கே ஒருவருக்குத் தோல் புற்றுநோய் என்று தெரியவந்த அன்றைக்கே நாலு நாட்டு விலையும் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடுகிறது. "அங்கே ஒரு ஊசி பத்து லட்சமாம்", "இங்கே எல்லாம் இலவசம், அப்பாவை அனுப்பி வை", "திருவனந்தபுரத்தில் பாதி விலைக்கு முடித்துவிடலாம்." ஒவ்வொன்றும் ஒருவகையில் உண்மைதான். ஆனால் அவை ஒரே நோயைப் பற்றியவை அல்ல என்பதை அந்தக் குழப்பத்தில் யாரும் கவனிப்பதில்லை.

நான் மருத்துவன் அல்லன். மார்த்தாண்டத்தில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கித் தந்து, எங்கே எந்தச் சீட்டோடு போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவன். இந்த வழிகாட்டி, அறிக்கையைக் கையில் வாங்கிய முதல் வாரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கானது. சிகிச்சை முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். விலையை ஒப்பிடும் வேலை உங்களுடையது, அதை ஒழுங்காகச் செய்வோம்.

முதல் படி: நோயின் முழுப் பெயரை வாங்குங்கள்

"தோல் புற்றுநோய்க்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் எந்த நாட்டிலும் சரியான பதில் கிடைக்காது. பெரும்பாலும் பேசப்படுபவை மூன்று வகை. பேசல் செல் கார்சினோமா மெல்ல வளரும். மூக்கோரம், கண்ணோரம் என்று முகத்தில் வரும். உடலின் வேறிடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா அதைவிடச் சற்று முரடானது; கவனிக்காமல் விட்டால் நெறிக்கட்டிகளுக்குப் போகலாம். மூன்றாவது மெலனோமா. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

வெள்ளைக்காரர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு, வெயில் படும் இடத்தில் மச்சம் இருக்கிறதா என்று முகத்தையும் தோளையும் மட்டும் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. வெயிலுக்கும் அந்த இடங்களுக்கும் தொடர்பே இல்லை. ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் குதிகாலில் கறுப்புப் புள்ளி வந்தால் வீட்டில் அதைக் காலாணி என்பார்கள், பிளாஸ்திரி ஒட்டுவார்கள், பிளேடால் சீவுவார்கள். பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு வந்தால் கல் தடுக்கியது என்பார்கள். அடிபட்ட கறை நகம் வளர வளர முன்னே நகர்ந்து போகும். நகர்ந்து போகாமல் அகலமாகிற கோட்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஸ்குவாமஸ் வகைக்கு நம் பக்கத்தில் வேறு வாசல்கள் உண்டு: பழைய தீக்காயத் தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஆறாத கால் புண், வேட்டியும் சேலையும் இறுக்கிக் கட்டிக் கறுத்துத் தடித்த இடுப்பு வரம்பு. இடுப்பில் வரும் இதற்கு வேட்டிப் புற்று, சேலைப் புற்று என்றே மருத்துவ இதழ்களில் பெயர் உண்டு. இருபது வருடத் தழும்பில் புதிதாகப் புண் விழுந்து, ஓரம் தடித்து, தொட்டால் இரத்தம் வந்தால் அது சாதாரணப் புண் என்று இருந்துவிட முடியாது. எலும்பு முறிவுக்கு வர்ம ஆசானிடம் போவதில் எனக்குப் பிணக்கில்லை. ஆறாத புண்ணை ஆறு மாதம் அவரிடம் வைத்திருப்பதில்தான் பிணக்கு.

மணவாளக்குறிச்சிப் பக்கத்தவர்கள் இந்த இடத்தில் மணலைப் பற்றிக் கேட்பார்கள். மோனசைட் மணலின் இயற்கைக் கதிர்வீச்சைப் பற்றிக் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. கதிர்வீச்சு கூடுதலான இடங்களில் புற்றுநோய் கூடுவதாக அதில் தெரியவில்லை. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. காரணத்தைத் தேடுவதை அத்தோடு நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பயாப்சி அறிக்கையில் நாலு வரிகளைத் தேடுங்கள்

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொல்லிப் பயாப்சியைத் தள்ளிப்போடுகிற பழக்கம் எல்லையின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. பரவுவது தாமதத்தால்தான். மருத்துவர் சிறு துண்டை எடுத்துச் சோதிக்காமல் பொதுவாக யாரும் சிகிச்சையைத் தொடங்க மாட்டார்கள், விலையும் சொல்ல மாட்டார்கள்.

அறிக்கை வந்ததும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அழ உட்கார்ந்துவிடாதீர்கள். நாலு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும். ஒன்று, வகை. இரண்டு, மெலனோமா என்றால் பிரெஸ்லோ தடிமன், அதாவது கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது; மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். மூன்று, மேற்பரப்பு புண்ணாகியிருக்கிறதா. நான்கு, வெட்டி எடுத்த துண்டின் ஓரம் சுத்தமாக இருக்கிறதா.

எல்லாவற்றிலும் அந்தத் தடிமன்தான் செலவை ஆட்டிவைக்கிறது. 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டுவது வழக்கம். 1 முதல் 2 மி.மீ. என்றால் 1 அல்லது 2 செ.மீ.; அதற்கு மேல் என்றால் 2 செ.மீ. உள்ளங்காலில் 2 செ.மீ. விட்டு வெட்டினால் அந்த இடத்தை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், வாரக்கணக்கில் கால் ஊன்றக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும். அறிக்கையில் ஒரு சிறு எண் மாறினால் வீட்டின் மூன்று மாத வரவு செலவே மாறிவிடுகிறது. தடிமன் ஏறத்தாழ 1 மி.மீ.யைத் தாண்டினால் முதல் நெறிக்கட்டியைச் சோதித்துப் பார்க்கும் சென்டினல் பயாப்சியும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டியில் நோய் இருந்தாலும், மீதிக் கட்டிகள் அனைத்தையும் உடனே அகற்றுவதால் ஆயுள் கூடவில்லை என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே யாராவது முழு அகற்றலைப் பரிந்துரைத்தால் ஏன் என்று கேளுங்கள். காரணம் இருக்கலாம், கேட்பதில் தவறில்லை. ஆரம்ப நிலை மெலனோமாவுக்கு வேறு தொந்தரவு எதுவும் இல்லாதபோது பெட் ஸ்கேன் எழுதினாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

அறிக்கையோடு நில்லாமல் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். வெட்டிய துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், ஆய்வகத்தில் அதை பிளாக் என்பார்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும், பிளாஸ்டிக் சட்டகத்தில் எண் எழுதியிருக்கும். இதுவும், நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடிச் சில்லான ஸ்லைடும் கையில் இருந்தால் அடுத்த மருத்துவமனையில் மறுபடி வெட்ட வேண்டியதில்லை. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.

மூன்றாம் படி: முறையைக் கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்

ஒரே பேசல் செல் கட்டியை நாலு நாட்டில் நாலு விதமாக எடுப்பார்கள். அமெரிக்காவில் முகத்தில் என்றால் மோஸ் அறுவைசிகிச்சைதான் பெரும்பாலும் முதல் பேச்சு. 1930களில் விஸ்கான்சினில் பிரெடெரிக் மோஸ் தொடங்கிய முறை அது. படலம் படலமாக வெட்டி, நோயாளி காத்திருக்கும்போதே நுண்ணோக்கியில் ஓரம் முழுவதையும் பார்த்து, நோய் இருக்கும் பக்கம் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். முதன்முறை வந்த பேசல் செல் கட்டிக்கு இதன் வெற்றி 99 சதவீதம் வரை சொல்லப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் சின்னக் கட்டிகளைக் குடும்ப மருத்துவரே தம் கிளினிக்கில் வெட்டிவிடுகிறார், அந்த அளவுக்கு அங்கே இது அன்றாட நோய். இங்கிலாந்தில் சாதாரணமாகச் சுற்றிலும் சில மி.மீ. விட்டு வெட்டி, துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார்கள். மோஸ் சில மையங்களில்தான்.

இந்தியாவில் மோஸ் செய்யும் இடங்கள் குறைவு. அறுவைப் புற்றுநோய் நிபுணரும் பிளாஸ்டிக் அறுவை நிபுணரும் சேர்ந்து அகலமாக வெட்டி, தேவைப்பட்டால் மேசையிலேயே உறைய வைத்த துண்டைச் சோதித்து, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடுவதே வழக்கம். பெரும்பாலான கட்டிகளுக்கு இது போதும். கண்ணிமை ஓரம், மூக்கு நுனி, ஒருமுறை வெட்டியும் திரும்ப வந்தது: இந்த மூன்று நிலைகளில் மட்டும் மோஸ் கிடைக்கும் ஊரைத் தேடிப் போவதில் பொருள் இருக்கிறது. முதுகில் இருக்கும் கட்டிக்கு மோஸ் வேண்டும் என்று கடன் வாங்கிக்கொண்டு புறப்படுவது வீண்.

களிம்பு, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, ஒளிச்சிகிச்சை என்பவையெல்லாம் மேலோட்டமான சில வகைகளுக்கு மட்டும். அறுவை தாங்காத முதியவருக்குக் கதிர்ச்சிகிச்சை நல்ல வழி. ஆனால் பல வாரங்கள் போய்வர வேண்டும், ஆகவே அங்கே பயணச் செலவுதான் மருத்துவச் செலவைவிட முன்னால் நிற்கும்.

நான்காம் படி: எந்த நாடு என்பதோடு, அங்கே நீங்கள் யார் என்றும் பாருங்கள்

ஒரு நாட்டில் சிகிச்சை மலிவு என்று ஒருவர் சொல்லும்போது, அவர் அந்த நாட்டில் எந்த உரிமையோடு இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடியுரிமை பெற்ற மகனுக்கு உள்ள விலை, சுற்றுலா விசாவில் போன அப்பாவுக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவில் மருந்து மானியத் திட்டத்தில் உள்ள எந்த மருந்துக்கும் ஒரு சீட்டுக்கு நோயாளி கட்ட வேண்டியது 2026 ஜனவரி முதல் அதிகபட்சம் 25 ஆஸ்திரேலிய டாலர். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி மெலனோமாவை எதிர்க்க வைக்கும் எதிர்ப்பாற்றல் மருந்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்கவே இனிக்கும். ஆனால் அது மெடிகேர் என்ற அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு. பரஸ்பர மருத்துவ உடன்படிக்கை செய்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. பார்வையாளராகப் போனவர் முழு விலை கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் காப்பீடு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே பெரிய பள்ளம். அரசு ஏற்பாடு செய்த காப்பீட்டுச் சந்தையில் தனிநபர் வாங்கும் காப்பீடுகளில் 2025ஆம் ஆண்டுக்கு ஒருவர் கையிலிருந்து கட்ட வேண்டிய உச்சவரம்பு 9,200 டாலராக இருந்தது. அதாவது நல்ல காப்பீடு இருந்தும் அவ்வளவு போகலாம். 2007 முதல் 2011 வரையிலான கணக்குப்படி அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 49 லட்சம் பேர் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார்கள், செலவு 810 கோடி டாலர். பார்வையாளர் காப்பீடு வாங்கிக்கொண்டு பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பணம் தராது என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

துபாயில் அடிப்படைக் காப்பீட்டின் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். வெட்டி எடுப்பதற்குத் தாராளம், மாதாமாதம் விலையுயர்ந்த ஊசி போடுவதற்குப் பற்றாது. வேலை போனால் விசாவும் அதோடு காப்பீடும் போகும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர். அது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைக்கும் உரியது. ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் இருப்பவர் மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, ஆண்டுக்கு 28 நாட்கள் வரை கட்டுவார். 35 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தோல் பரிசோதனையும் அங்கே காப்பீட்டிலேயே நடக்கும். செவிலியராகப் போயிருக்கும் நம் பெண்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கேட்கப்படுவது அதுதான். அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் வெட்டும் ஒருவருக்குக் குதிகாலில் மெலனோமா. மகள் அங்கே செவிலியர். "அண்ணா, இங்கே எனக்கு ஒரு பென்னி செலவில்லை. அப்பாவை விசிட் விசாவில் கூட்டி வந்துவிடட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் செலவில்லாதது அவர் அங்கே குடியிருப்பதால். பார்வையாளராக வரும் தந்தைக்குத் தேசியச் சுகாதாரச் சேவை தன் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிக்கும். அவசரமில்லாத சிகிச்சை என்றால் பணத்தை முன்கூட்டியே கேட்கும். 500 பவுண்டோ அதற்கு மேலோ கட்டாமல் இரண்டு மாதம் நின்றால் பிறகு விசா கேட்கும்போது அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிட்டு உரிமை பெறலாமே என்றால், அந்த வழி பார்வையாளர் விசாவுக்கு இல்லை.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்துவிட்டு, "இதில் தடிமனே இல்லையே" என்றார். ஆய்வகத்தில் போய்க் கேட்டபோது அதே ஸ்லைடை மறுபடி பார்த்து 1.4 மி.மீ. என்று துணை அறிக்கை தந்தார்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு குழப்பமெல்லாம் தெளிந்தது: அகன்ற வெட்டு, சென்டினல் பயாப்சி, தோல் ஒட்டு. மூன்றும் இங்கேயே நடக்கக்கூடியவை. விமான டிக்கெட்டை அப்பாவுக்கு எடுப்பதற்குப் பதில் மகள் தனக்கு எடுத்துக்கொண்டு விடுப்பில் வந்தார். பணத்தில் மட்டும் பார்த்தாலும் அதுதான் சரி. குதிகாலில் ஒட்டுப் போட்டவருக்கு நீண்ட விமானப் பயணம் வேறு எதற்கு?

ஐந்தாம் படி: எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். சென்னை எழுநூறு. ஆகவே மாநிலம் எதுவானாலும் நமக்குப் பக்கத்துப் புற்றுநோய் மையம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையம்தான். 1981இல் தொடங்கியது. குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக ரயிலிலோ பஸ்ஸிலோ தம்பானூர் போய் இறங்கினால் மருத்துவக் கல்லூரிக்கு அங்கிருந்து நகரப் பஸ் பிடிக்க வேண்டும். தம்பானூரிலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடக்கக் கிளம்பாதீர்கள். முதல் நாள் விடியலிலேயே புறப்படுங்கள். பதிவுக்கு ஆதார், குடும்ப அட்டை, அனுப்பும் மருத்துவரின் கடிதம், ஸ்லைடு, பிளாக். மலையாளம் பேசத் தெரியாதே என்று கவலைப்பட நம் பக்கத்தில் யாரும் இல்லை. படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். பலகைகளைப் படிக்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள்.

அதற்கு முன் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். பயாப்சிக்கும் சிறு வெட்டுக்கும் அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. முகத்தில் கடலை அளவு பேசல் செல் கட்டி இருப்பவரை மாநில எல்லை தாண்டி இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காத காரியம்.

அட்டை விஷயத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதுவரை அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் போகும் தொல்லையைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டிய அட்டை அது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருக்கும் குடும்பமானால் எந்த மாநிலத்திலும் பயன்படுத்தலாம் என்பது விதி. மாநிலத் திட்டத்தில் மட்டும் இருப்பவர்கள் கேரளத்து மருத்துவமனைக்குப் புறப்படும் முன், அங்குள்ள காப்பீட்டு மேசைக்குப் போன் செய்து, அட்டை எண்ணைச் சொல்லி, இந்த நோய்க்கு இந்தச் சிகிச்சைக்கு இங்கே செல்லுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். "அட்டை எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் "எடுப்போம்" என்பார்கள், வேறு நோய்க்கு எடுப்பார்கள்.

கேரளத்தின் காருண்ய காப்பீட்டுத் திட்டம் அந்த மாநிலக் குடும்பங்களுக்கானது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் மகள் வீட்டில் இருக்கும் பெரியவருக்கு மகளின் அட்டை செல்லும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மருந்துக்கு வேறு வழி உண்டு: 2024 ஆகஸ்டில் கேரள அரசு தன் காருண்ய மருந்தகங்களில் புற்றுநோய் மருந்துகளை லாபமில்லாமல் விற்கும் தனிக் கவுண்டர்களைத் தொடங்கியது. வெளிக் கடையில் வாங்கும் முன் மருத்துவர் சீட்டோடு அங்கே ஒரு தடவை விசாரியுங்கள்.

ரயில் சலுகையைப் பாதிப் பேர் வாங்குவதே இல்லை. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ வேலூருக்கோ போகிறவர்களுக்கு இது சிறு தொகை அல்ல.

தனியார் மருத்துவமனை சொல்லும் பேக்கேஜ் நியாயமா என்று தெரிய வேண்டுமானால், ஒன்றிய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் கட்டணப் பட்டியலைத் தேடி எடுங்கள். அது வெளிப்படையாகக் கிடைக்கிறது. அதே அறுவைக்கு அரசு என்ன விலை ஒப்புக்கொள்கிறது என்று தெரிந்தால் பேரம் பேச ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ஆறாம் படி: விலையுயர்ந்த ஊசி எழுதிக் கொடுத்தால்

பரவிய மெலனோமாவின் கதையை மாற்றியவை எதிர்ப்பாற்றல் மருந்துகள். 2011இல் இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அல்லிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய நிலையிலும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து வாங்கியவர்களில் 43 சதவீதம் பேர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் முடிந்த நோய் அது.

விலையைப் பாருங்கள். பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். அமெரிக்கப் பட்டியல் விலை ஒரு தவணைக்கு 11,000 டாலருக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டாலர். அதே மருந்துக்கு இங்கிலாந்தில் பட்டியல் விலை 100 மில்லிகிராமுக்கு 2,630 பவுண்டு, அதாவது தவணைக்கு 5,260; அதிலும் அரசுக்கு இரகசியத் தள்ளுபடி உண்டு. இந்தியாவிலும் ஒரு தவணை லட்சக்கணக்கில்தான் போகிறது, காப்பீட்டு அட்டையின் 5 லட்சம் சில தவணைகளிலேயே கரைந்துவிடும். நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே வளர்த்துத் திருப்பிச் செலுத்தும் செல் சிகிச்சை ஒன்று 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் பட்டியல் விலை 5,15,000 டாலர். அதைப் பற்றிய காணொளிகளை அனுப்பும் உறவினர்களிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பணத்தைக் கொட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சில கேள்விகள். இந்த ஊசி, பரவிய நோய்க்கா அல்லது வெட்டியபின் திரும்ப வராமல் தடுப்பதற்கா? இரண்டாவது என்றால் எத்தனை சதவீதம் கூடுதல் பாதுகாப்பு? உள்ளங்கால் மெலனோமாவுக்கு இதன் பலன் என்ன? இதை அவசியம் கேளுங்கள். ஏனென்றால் பெரிய ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் வெயிலால் வந்த மெலனோமாக்காரர்கள். உள்ளங்கால், நகத்தடி வகைக்குப் பலன் அதைவிடக் குறைவாகவே தெரிகிறது. பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் வரும் மாற்றமும் இந்த வகையில் குறைவு, ஆகவே அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள் பலருக்குப் பொருந்தாது. சோதனையைச் செய்துவிட்டுப் பேசுங்கள். மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் உண்டா, எத்தனை தவணை வாங்கினால் எத்தனை இலவசம், இடையில் நிறுத்தினால் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

குறைந்த அளவு நிவோலுமாப் கொடுத்தாலே போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய நல்ல ஆய்வு அது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் கொடுத்துப் பலன் கண்டார்கள். ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. தோலுக்கும் அப்படியே பொருந்தும் என்று மருந்துக்கடையில் முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் முடிவு செய்தால் சரி.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் முதல் தவணை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து தொடரலாம் என்று திட்டமிடுகிறவர்கள், பக்கவிளைவைப் பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தைராய்டு, குடல், நுரையீரல் என்று எங்கேயும் அழற்சி வரலாம், ஊசியை நிறுத்திய பிறகும் வரலாம். நாளுக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு வந்தால் உள்ளூர்க் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

ஏழாம் படி: ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்

கோடு போட்ட நோட்டுத் தாள் போதும். மேலே நோயின் முழுப் பெயர், தடிமன், நிலை. கீழே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பத்தி. அறுவை, சோதனை, படுக்கை, மருந்து ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது வேறு: துணைக்கு இருப்பவரின் கூலி, தங்கும் அறை, ஆட்டோ, மறுபடி மறுபடி கட்டு மாற்றப் போகும் செலவு, ரப்பர் வெட்டு நின்று போகும் நாட்கள். மழைக்காலத்தில் வெட்டு எப்படியும் நிற்கும். அவசரமில்லாத தோல் ஒட்டு அறுவையை அந்த மாதத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்ட குடும்பங்கள் உண்டு. மெலனோமாவில் அந்தச் சலுகையைக் கேட்காதீர்கள்.

எழுதி முடித்ததும் அடியில் "ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் மறு வெட்டுக்கு எவ்வளவு?" என்று ஒரு வரி சேருங்கள். பேக்கேஜ் விலையில் அது பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டு மருத்துவமனையை அறிமுகப்படுத்தும் ஏஜென்ட் இந்த வரிக்கு என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்தால் அவரை நம்பலாமா என்பது தெரிந்துவிடும்.

முடிவில் ஐயம் இருந்தால் வீட்டிலிருந்தே இன்னொரு கருத்துக் கேட்கலாம். தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பும் டாட்டா நினைவு மருத்துவமனையும் நவ்யா என்ற சேவை வழியாகக் கோப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்கின்றன. மும்பைக்கு ரயில் ஏறுவதற்கு முன் அதை முயன்று பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு

வேலையை விடும் முன், காப்பீடு உயிரோடு இருக்கும்போதே, அறுவைக் குறிப்பு, முழு நோய்க்கூறு அறிக்கை, பிளாக், ஸ்கேன் படங்களின் சிடி, போட்ட மருந்தின் அளவும் தேதியும் கொண்ட சுருக்கம் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். அரபியில் இருந்தால் ஆங்கில நகலும். இவை இல்லாமல் வந்தவருக்கு இங்கே எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கும், செலவும் அப்படியே.

எட்டாம் படி: மறுபரிசோதனை

ஸ்குவாமஸ், மெலனோமா இரண்டுக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் வரச் சொல்வார். இந்தப் பயணச் செலவையும் அந்தத் தாளில் சேர்த்திருக்க வேண்டும். தூரத்து நகரத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், மறுபரிசோதனையை ஆசாரிப்பள்ளத்திலோ திருவனந்தபுரத்திலோ செய்துகொள்ளக் கடிதம் கேட்டு வாங்குங்கள்; பெரும்பாலான மருத்துவர்கள் தருவார்கள். வீட்டில் மாதம் ஒருமுறை குளித்தபின் நல்ல வெளிச்சத்தில் வடுவையும் அதைச் சுற்றிய தோலையும் பாருங்கள், தொடை இடுக்கையும் அக்குளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாத முதியவருக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கோப்போடு போய்விடுங்கள்.